ஓடுபவர்களுக்கு வரும் குதிகால் வலிக்கு ஜெல் தடவினால் மருந்து உள்ளே இறங்குமா? பிசியோவில் கரண்ட் வைத்து ஏற்றுவது அதைவிட நல்லதா?

இறங்கும், இடமும் அளவும் சரியாக இருந்தால். கணுக்காலின் பின்னால் கயிறு போலத் தட்டுப்படும் அகில்லஸ் தசைநாண் தோலுக்கு அடியிலேயே இருப்பதால் ஜெல்லுக்கு ஏற்ற இடம். முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கும் டென்னிஸ் எல்போவும் அப்படித்தான். உள்ளங்கால் வலிக்கு இதே ஜெல் ஏமாற்றும். அங்கே தோலின் மேலடுக்கு பல மடங்கு தடிமன்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது அளவில். வலி, அழற்சி குறைக்கும் 1.16% டைக்ளோஃபினாக் ஜெல் என்றால் ஒரு தடவைக்கு 2 முதல் 4 கிராம், நாளைக்கு 3 அல்லது 4 முறை. ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம்; அப்படி 4 கோடு போட்டால்தான் 2 கிராம். அதாவது 30 கிராம் ட்யூப் நாலைந்து நாளில் தீர வேண்டும். ஒரு மாதம் வருகிறதா? உங்களுக்குக் கிடைப்பது மெந்தால் வாசனைதான்.

தடவியபின் 10 நிமிடம் காயவிட்டு சாக்ஸ் போடுங்கள்; 1 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. மேலே இறுக்கிக் கட்டுவதும் ஹாட் பேக் வைப்பதும் வேண்டாம். நம் ஊர் ஜெல்கள் பலவற்றில் மீத்தைல் சாலிசிலேட்டும் உண்டு, சூடு சேர்ந்தால் தோல் வெந்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் அந்தக் கலவையைத் தொடவே கூடாது. தடவும் டைக்ளோஃபினாக் ரத்தத்தில் சேருவது மாத்திரையில் சேருவதில் சுமார் 6% தான் என்றாலும், ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

கரண்ட் வைப்பது அயன்டோபோரசிஸ், அதாவது லேசான மின்சாரத்தால் மருந்தைத் தோலுக்குள் தள்ளுவது. வழக்கமான மருந்து டெக்ஸாமெத்தசோன் சோடியம் பாஸ்பேட் என்ற ஸ்டீராய்டு, மில்லிலிட்டருக்கு 4 மி.கி. இதற்கு எதிர்மின்னூட்டம் என்பதால் மருந்துப் பேட் நெகட்டிவ் முனையில்தான் இருக்க வேண்டும். முனை மாறினால் மின்விசை மருந்தைத் தள்ளாது. 4 மில்லிஆம்பியரில் 10 நிமிடம் என்பது பரவலான அளவு. அதே பேட்டில் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகேயின் கலப்பது வீண், அது நேர்மின்னூட்டம் கொண்டது. நெகட்டிவ் முனைக்கடியில் காரம் உருவாகும். பேட் காய்ந்திருந்தாலோ, தோலில் கீறல் இருந்தாலோ, அப்போதுதான் ஷேவ் செய்திருந்தாலோ புண்ணாகும். லேசான குறுகுறுப்பு சரி, எரிச்சல் வந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்குக் கூடாது. அல்ட்ராசவுண்ட் வைத்து மருந்து ஏற்றுவதற்கு நான் காசு செலவழிக்க மாட்டேன். வெள்ளை க்ரீம்கள் பலவும் ஒலியையே தடுத்துவிடும்.

கரண்ட்டோ ஜெல்லோ, சில வாரங்களுக்குள் வந்த வலிக்குத்தான் நன்றாகக் கேட்கும். மாதக்கணக்கில் இழுக்கும் தசைநாணில் அழற்சி குறைவு, நார்களே சிதைந்திருக்கும். அதற்குப் படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்லக் கீழிறக்கும் பயிற்சி: முழங்கால் நீட்டி 15 முறை 3 செட், மடக்கி 15 முறை 3 செட், தினம் இருவேளை, 12 வாரம். ஜெல்லை 2 வாரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். ஓடும்போது 'டப்' என்று விட்டுப்போய் நுனிக்காலில் நிற்க முடியாவிட்டால் அன்றே எலும்பு டாக்டரிடம் போங்கள்.