வாசகர் கேள்வி: ஒட்டுத் தையல் போட்ட பூசை உடுப்பு

கேள்வி: லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில், கிட்டத்தட்ட 700 வருடப் பழைய சிவப்பு வெல்வெட் காப்பா ஒன்றைப் பார்த்தேன். உடம்பெல்லாம் சரிகை, ஆனால் எங்கு பார்த்தாலும் ஒட்டுத் தையல். இதையா வெட்டினார்கள்?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: நீங்கள் பார்த்தது பட்லர்-பௌடன் காப்பாவாகத்தான் இருக்கும். (சுற்றுப்பிரகாரத்தின்போது சாமியார் தோளில் போர்த்திக்கொள்வாரே, அந்த அரைவட்டப் போர்வைதான் காப்பா.) 1335-45 வாக்கில் இங்கிலாந்தில் தைத்தது. அந்த நாட்டுச் சரிகை வேலைக்கு அப்போது பெரிய மவுசு. 1295இல் எடுத்த போப்பாண்டவரின் சொத்துக் கணக்கில்கூட அந்த வேலை செய்த உருப்படிகள் நூற்றுக்கும் மேல் இருந்தனவாம்.

16ஆம் நூற்றாண்டில் அங்கே திருச்சபை கத்தோலிக்கத்தை விட்டுப் புராட்டஸ்டண்ட் பக்கம் போனதும் இந்த உடுப்புகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. பலவற்றை எரித்துப் பொன்னை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நம் தெருவில் 'பழைய பட்டுப்புடவை, சரிகை வாங்குறது' என்று கூவிக்கொண்டு வருவார்களே, அதே கணக்கு. ஆனால் இதை வெட்டியது கத்தோலிக்கர்களேதான் என்பது என் கணிப்பு. ஏனென்றால் இது பூசை மேலாடை, கழுத்துப்பட்டை, கைப்பட்டை, பீடத்தின் முன்திரை என்றுதான் துண்டாகியிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் துண்டுகளைத் தேடிச் சேர்த்துத் தைத்தார்கள்.

அடுத்த முறை போனால் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, காப்பாவில் தைத்திருக்கும் உருவங்களின் முகங்களைப் பாருங்கள். கன்னத்தில் பட்டு நூல் நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றிப் போயிருக்கும், அதனாலேயே கன்னம் உப்பித் தெரியும். பொன் இழை துணிக்கு மேலேயே கிடக்கும். அடியிலிருந்து ஒரு நூல் அதை அங்கங்கே கொக்கி போட்டு உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும், அதனால்தான் இவ்வளவு சரிகை இருந்தும் துணி விறைக்காமல் மடிகிறது.

கேள்வி: எங்கள் கோவில் சக்ரீஸ்தில் (பூசை உடுப்புகள் வைக்கும் அறை) இருக்கும் பட்டு உடுப்புக்கு 120 வயதுகூட ஆகவில்லை, அதற்குள் அப்பளமாய் நொறுங்குகிறதே?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: பட்டு நூலில் இயற்கையாக இருக்கும் பசையை நீக்கினால் எடையில் கால்வாசி போய்விடும். பட்டு எடைக்கு விற்ற சரக்கு என்பதால், 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே ஐரோப்பியச் சாயக்காரர்கள் தகர உப்பு, இரும்பு உப்பு ஏற்றி அதைச் சரிக்கட்டினார்கள். அந்த உப்புதான் இன்று இழையை அறுக்கிறது, உங்களுடையதும் அந்தச் சரக்காக இருக்கலாம். தண்ணீர், டிரை வாஷ், இஸ்திரி எதுவும் வேண்டாம். மடிக்காமல், கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணி விரித்து அதன்மேல் படுக்கவையுங்கள். திருநாளுக்கு ஒரு நாள்தானே என்று போட்டுக்கொள்ளவும் விடாதீர்கள். தோள்பட்டையில்தான் முதலில் கிழியும்.