அது வேறு விஷயம் இல்லை, மேஜர்

மேடம்,

நான் தரைப்படையில் மேஜர். வேலூர் மாவட்டத்துக்காரன், வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கிற ஊர். அப்பா ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பரங்கிமலை அகாடமியில் நான் பாஸ் அவுட் ஆன அன்று விறைப்பாக நின்று எனக்கு சல்யூட் அடித்தவர்.

போன குளிர்காலம் அருணாச்சலில் கம்பெனி கமாண்டராக இருந்தேன். மேலே இருந்த போஸ்டில் குழாய்த் தண்ணீர் உறைந்துவிட்டது. இருட்டிய பிறகு அந்த மலைப்பாதையில் வண்டி போகக்கூடாது என்பது உத்தரவு. பையன்கள் தண்ணீர் இல்லாமல் கிடக்கிறார்களே என்று தண்ணீர் வண்டியை அனுப்பக் கையெழுத்துப் போட்டேன். வளைவில் சறுக்கிக் கவிழ்ந்தது. இரண்டு பேருக்கு எலும்பு முறிவு, இப்போது தேறிவிட்டார்கள்.

கோர்ட் ஆஃப் என்கொயரி வைத்தார்கள். விளக்கம் கேட்டு ஷோ காஸ் நோட்டீஸ் கொடுத்தார்கள். கடைசியில் 'சிவியர் டிஸ்ப்ளெஷர், ரெக்கார்டபிள்', அதாவது பதிவில் ஏறும் கடும் அதிருப்தி. கோர்ட் மார்ஷல் தண்டனை இல்லையே, நிர்வாக நடவடிக்கைதானே என்று ஆறுதல் சொல்கிறார்கள். டோசியரில், என் பணிப் பதிவேட்டில், ஏறிவிட்டதே! கர்னல் பதவிக்கான செலக்‌ஷன் போர்டில் அதைப் பார்க்காமலா விடுவார்கள்? அன்று மாலை போனில் "பார்த்துச் செய்" என்ற சி.ஓ. (என் கமாண்டிங் ஆபீசர்), அப்படி ஒரு போன் வந்ததாகவே நினைவில்லை என்று என்கொயரியில் சொல்லிவிட்டார். சில சாட்சிகளை விசாரித்தபோது என்னை வெளியே உட்கார வைத்தார்கள். இதே மாதிரி ராத்திரியில் வண்டி அனுப்பிய என் கோர்ஸ்மேட்டுக்குப் பாராட்டுக் கடிதம் கிடைத்தது!

மத்திய அரசுக்கு ஸ்டாட்யூட்டரி கம்ப்ளைன்ட், அதாவது சட்டப்படியான புகார், எழுதிக்கொண்டிருக்கிறேன். ராத்திரி முழுக்க அதுதான் வேலை. பக்கம் ஏறிக்கொண்டே போகிறது. அந்த ஃபைலைத் திறந்தாலே மனைவி எழுந்து போய்விடுகிறாள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. வேலையிலும் பழைய வேகம் இல்லை. ஒரு நாயக் (ஜவான்களில் ஒரு ரேங்க்) மனைவிக்குப் பிரசவம் என்று கொடுத்த லீவு மனு என் மேஜையிலேயே கிடந்து, சுபேதார் சாப் வந்து நினைவுபடுத்த வேண்டியதாகிவிட்டது. குழந்தை பிறந்த பிறகுதான் அவன் ஊர் போய்ச் சேர்ந்தான். அது வேறு விஷயம். சி.ஓ. அந்த போனை எப்படி மேடம் மறக்க முடியும்? எப்படி எழுதினால் இவர்களுக்கு உறைக்கும்?

ஒரு மேஜர்

•

அன்புள்ள மேஜர்,

வேறு விஷயம் என்று தள்ளிவிட்டீர்களே அந்த லீவு மனு, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

போஸ்டில் தண்ணீர் இல்லை என்றதும் அன்று மாலையே முடிவெடுத்தவர் நீங்கள். அதே மனிதர், ஒரு பிரசவ லீவுக்கு நாள் கடத்தியிருக்கிறார். வேகம் குறைந்துவிட்டது என்கிறீர்கள். எனக்கு அது பயமாகத் தெரிகிறது. ஒரு கையெழுத்து உங்களைச் சுட்டுவிட்டது. இப்போது எந்தக் காகிதம் வந்தாலும், 'நாளை இதையும் யாராவது என்கொயரியில் எடுத்து நீட்டினால்?' என்று மனசு பேனாவைப் பிடித்துக்கொள்கிறது. தள்ளிப்போட்டால் அப்போதைக்கு நிம்மதி. அந்த நிம்மதியை ருசித்தே பயம் வளரும். அடுத்த காகிதம் இன்னும் கனக்கும்.

இதை உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் கடுமையாகச் சொல்கிறேன். சி.ஓ. உங்களுக்குச் செய்தது அநியாயமாக இருக்கலாம். அதற்கான விலையை அந்த நாயக் கொடுத்திருக்கிறார். தன் குழந்தை பிறந்தபோது அவர் அங்கே இல்லை. உங்கள் அப்பா ஹவில்தாராக இருந்தவர். லீவு மனுவைக் கொடுத்துவிட்டு, ஆபிசர் எப்போது கையெழுத்துப் போடுவார் என்று கம்பெனி ஆபீஸ் வாசலில் நிற்பது என்னவென்று அவருக்குத் தெரியும். அவரிடம் மறைக்கிறீர்கள். டிஸ்ப்ளெஷரைக் கேட்டு அவர் உடைந்துபோவார் என்று பயப்படுகிறீர்கள். லீவு மனு கிடந்த கதையைக் கேட்டால்தான் அவருக்கு அதிகம் வலிக்கும் என்று நினைக்கிறேன். இரண்டையும் சொல்லுங்கள். இந்த விஷயத்தில் அவரைவிட நல்ல ஆலோசகர் நான் இல்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சி.ஓ.வின் அந்த ஒரு போன் உங்கள் கடிதத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. எலும்பு முறிந்த இருவர் அரை வரியில் முடிந்துபோகிறார்கள். நீங்கள் கல்நெஞ்சர் இல்லை; 'பையன்கள்' என்று எழுதுகிற கை அது. மனக்குறை ஆளை அப்படித்தான் சுருக்கிவிடும். யார் யார் பாதிக்கப்பட்டார்கள் என்ற கணக்கில் கடைசியில் தன் பெயர் ஒன்றுதான் மிஞ்சும்.

புகார் எழுதுவது உங்கள் உரிமை. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 27-ஆவது பிரிவே அதைக் கொடுக்கிறது. எழுதுங்கள். ஆனால் 'உறைக்க' வேண்டும் என்று எழுதாதீர்கள். டெல்லியில் அதைப் படிக்கப்போகிறவர் உங்களுக்குத் துரோகம் செய்தவர் இல்லை. அவருக்குத் தேவை விவரம் மட்டும். ஒருவருடைய பெயரோ ராணுவ மதிப்போ பாதிக்கப்படக்கூடிய விசாரணை என்றால், அவர் முழுக்க உடனிருக்கவும் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது ராணுவ விதி 180. உங்களை வெளியே உட்கார வைத்தது நிஜமென்றால், முதல் பத்தியில் வர வேண்டியது அதுதான். கோர்ஸ்மேட்டின் பாராட்டுக் கடிதம் எந்தப் பத்தியிலும் வேண்டாம். ராணுவ வழக்குகள் பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் கொடுத்துச் சுருக்கச் சொல்லுங்கள். 6 மாதத்தில் பதில் வராவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னையிலேயே அதன் அமர்வு இருக்கிறது. அதுவரை ராத்திரியில் அந்த ஃபைல் வீட்டுக்கு வரக்கூடாது. உங்கள் மனைவி எழுந்து போவது உங்களைவிட்டு இல்லை, அந்த ஃபைலைவிட்டு.

காலையில் ஆபீஸ் போனதும் முதல் வேலை லீவு மனுக்கள். அன்றைக்கு வந்தது அன்றைக்கே போக வேண்டும். கை தயங்கும்; தயங்கிக்கொண்டே போடுங்கள். அந்த நாயக்கைக் கூப்பிட்டு, தாமதம் உங்கள் மேஜையில்தான் நடந்தது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார் என்றும் கேளுங்கள்.

தூக்கம் பிடிக்கவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மெடிக்கல் கேட்டகரி, அதாவது உடல்தகுதித் தரம், இறங்கிவிடுமோ என்ற பயம் உங்கள் துறையில் எல்லோருக்கும் உண்டு, எனக்குத் தெரியும். முதலில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் பேசிப் பார்க்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அடுத்த கடிதத்தில் அப்பா என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.