அடுத்தவங்க பாட்டுக்கே வாசிச்சிட்டு இருக்கேன் – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணே,

சொந்த ஊரு பட்டர்வொர்த். இப்ப கோலாலம்பூர்ல கிட்டார் வாசிச்சுத்தான் பொழப்பு ஓடுது. ஸ்டூடியோ ரெக்கார்டிங், கல்யாண டின்னர், ஹோட்டல் லவுஞ்ச்னு எது கூப்பிட்டாலும் போயிருவேன். நானே எழுதி மெட்டு போட்ட பாட்டு பத்துப் பன்னண்டு இருக்கு, ஒண்ணுகூட வெளிய வரல. அடுத்தவங்களுக்கு வாசிச்சு வாசிச்சு உன் பாட்டு செத்துப்போயிரும்னு கூட்டாளிங்க சொல்றாங்க. இந்த செஷன் வேலைய, அதான் அடுத்தவங்க பாட்டுக்கு கூலிக்கு வாசிக்கிறத, மொத்தமா விட்டுரலாமா? இன்னொண்ணு, இங்க தமிழ்ல பாடுனா யாரு கேக்கப்போறா, மலாய்லயே எழுதிரலாமா?

– ஒரு வாசகர்

தம்பி,

விடாதீங்க. வாடகை கட்டுற வேலைய விட்டுட்டு பாட்டு எழுத உக்காந்தா மனசு பூரா வாடகைலதான் இருக்கும்.

உங்க கூட்டாளிங்க சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். 1976ல அன்னக்கிளி வர்றதுக்கு முன்னாடி இளையராஜா என்ன பண்ணிட்டு இருந்தாரு, சலில் சௌத்ரிக்கு கிட்டார் வாசிச்சாரு, ஜி.கே.வெங்கடேஷ்கிட்ட உதவியாளரா இருந்தாரு, எல்லாமே அடுத்தவங்க பாட்டுதான். ஆனா அங்க வாசிக்க வந்தவங்கள ஓய்வு நேரத்துல புடிச்சு வச்சு, தான் எழுதி வச்சிருந்த நொட்டேஷன, அதான் இசைக்குறிப்ப, கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்கன்னு கெஞ்சிக் கேட்டுப்பாராம். காசில்லாம ஒரு ஆர்க்கெஸ்ட்ரா! நீங்க ஒரு ரெக்கார்டிங் டேக்குக்கும் அடுத்த டேக்குக்கும் நடுவுல கெடைக்கிற நேரத்துல என்ன பண்றீங்க, போன் நோண்டுறீங்களா?

ஆபத்து வேற எடத்துல இருக்கு. செஷன்காரரோட தெறமையே ஒதுங்கி நிக்கிறதுதான். ஹெட்போன்ல தாளத்துக்கு விழுற கிளிக்கோட ஒட்டிப் போகணும், பாடுறவர் மூச்சு வாங்குற எடத்துல ரெண்டு நோட்டு போட்டுட்டு திரும்ப உள்ள போயிரணும், மியூசிக் டைரக்டர் வேற மாதிரி கேட்டா வேற மாதிரி, இன்னும் வேற மாதிரின்னா அதுவும், கடைசில அதுல ஒண்ண அவர் எடுத்துப்பாரு. சொந்தப் பாட்டுல அந்த ஒண்ண எடுக்க வேண்டிய ஆளு நீங்க, அங்க வந்து நெறைய பேரு தெகைச்சு நின்னுருவாங்க. எனக்கு வர்ற டெமோவுல, அதான் மாதிரிக்கு அனுப்புற பாட்டுல, கிட்டார்காரங்களோடத தனியா கண்டுபுடிச்சிரலாம், வாசிப்பு பிரமாதமா இருக்கும், பாட்டு எங்கன்னு தேடணும். (இதுக்கு சண்டைக்கு வராதீங்க, கீபோர்டுகாரங்க இதவிட மோசம்.)

அமெரிக்கால க்ளென் கேம்ப்பெல்னு ஒருத்தர், நொட்டேஷன் படிக்கவே தெரியாது, காதுல வாங்கியே வாசிக்கிறவரு. 60கள்ல லாஸ் ஏஞ்சலஸ்ல ரெக்கிங் க்ரூன்னு இப்ப சொல்றாங்களே அந்த செஷன்காரங்க கூட்டத்துல ஒரு ஆளு, பீச் பாய்ஸ் குழு, பாடகர் சினாட்ரான்னு யாருக்கெல்லாமோ வாசிச்சவரு. அந்தக் காலத்து ரெக்கார்டு அட்டைல இவங்க பேர் பெரும்பாலும் இருக்காது. 1967, 68ல பாடகரா பெருசா வந்துட்டாரு, ஆனா அவர தூக்கிவிட்ட பாட்டுங்க ஜிம்மி வெப், ஜான் ஹார்ட்ஃபோர்டு மாதிரி ஆளுங்க எழுதுனது. எது தன் கைல இருக்கு, எது வெளிய இருந்து வாங்கணும்னு அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு.

ஆனா நான் உங்களுக்கு காட்ட நெனைக்கிற ஆளு ஸ்டீவ் க்ராப்பர்தான். மெம்ஃபிஸ்ல ஸ்டாக்ஸ் கம்பெனிக்கு கிட்டார்காரர், தினமும் யாரோ ஒருத்தர் பாட்டுக்கு வாசிக்கிறதுதான் வேலை. ஆனா பாடகரோட உக்காந்து பாட்டு கட்டுனாருன்னா எழுதுனவங்க வரிசைல அவர் பேரும் இருக்கும். அங்க பாடுன ஓட்டிஸ் ரெட்டிங் 1967 டிசம்பர்ல விமான விபத்துல போயிட்டாரு, அதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி ரெண்டு பேரும் எழுதி ரெக்கார்டு பண்ண டாக் ஆஃப் த பே பாட்ட க்ராப்பர்தான் மிக்ஸ் பண்ணி முடிச்சாரு, அடுத்த வருஷம் அமெரிக்கால நம்பர் ஒன். வாசிச்ச கூலி அன்னைக்கே வாங்கி அன்னைக்கே முடிஞ்சு போறது, எழுதுன பேரு அப்படி இல்ல, பாட்டு ஓடுற வரைக்கும் வரும்.

நம்ம மலேசியாவுலயும் அதே கதைதான். உரிமைக் காச வசூல் பண்ணிக் குடுக்குற அமைப்பு மெட்டுக்கும் வரிக்கும் எம்ஏசிபி, வாசிச்சவங்க பாடுனவங்களுக்கு ஆர்பிஎம், ரெண்டும் வேற வேற. 1987 காப்பிரைட் சட்டப்படி எழுதுனவரு இருக்குற வரைக்கும், அதுக்கப்புறம் 50 வருஷமும் உரிமை இருக்கு. உங்க பாட்ட அரசாங்கத்தோட அறிவுசார் சொத்துரிமை அமைப்பான மைஐபிஓல பதிஞ்சும் வைக்கலாம், அது கட்டாயம் இல்ல, ஆனா நாளைக்கு தகராறு வந்தா கைல காட்ட ஏதாச்சும் இருக்கும். ஸ்டூடியோல நீங்க சும்மா விளையாட்டுக்கு வாசிச்ச ஒரு துண்டுதான் பல்லவி ஆயிருச்சுன்னா, கிட்டார பைக்குள்ள வைக்கிறதுக்கு முன்னாடி யாருக்கு எவ்ளோ பங்குன்னு பேசி ஒரு பேப்பர்ல எழுதிக்குங்க. வாட்ஸ்ஆப்ல அனுப்புனாலும் போதும். நம்ம ஆளுங்களுக்கு இதுல ரொம்ப கூச்சம், அண்ணன் தம்பியா பழகிட்டு காசு பேசுறதான்னு. பாட்டு ஹிட்டானதுக்கப்புறம் பேசுனா அந்த அண்ணன் தம்பி உறவும் மிச்சமிருக்காது.

ஓய்வுகால சேமிப்புக்குன்னு இருக்குற இபிஎஃப் கணக்குல நீங்களே மாசம் கொஞ்சம் காசு போட்டு வைங்க, நமக்கு போட முதலாளி கெடையாது.

மொழி விஷயத்துக்கு வர்றேன். அல்லிகேட்ஸ் இசைக்குழுவோட டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் பினாங்குத் தமிழ் அண்ணன் தம்பிங்க, மலாய்ல பாடி நாடே கொண்டாடுச்சு. யோகி பி & நட்சத்ரா 2006ல வல்லவன் ஆல்பத்த தமிழ்ல போட்டாங்க, அதுல இருக்குற மடை திறந்து பாட்டு தமிழ்நாட்டுலயும் ஓடுச்சு. ரெண்டு வழியும் தெறந்துதான் இருக்கு. மலாய்ல உங்களுக்கு கோபம் வருமா, கொஞ்ச வருமா? வரும்னா எழுதுங்க. மார்க்கெட்டுக்காக மட்டும்னா வேணாம், அங்க ஏற்கனவே நல்லா எழுதுறவங்க நெறைய பேரு இருக்காங்க.

அந்தப் பன்னண்டுல ரெண்டு பாட்டு அனுப்புங்க. போன்லயே ரெக்கார்டு பண்ணுங்க, சும்மா கிட்டார்ல கார்டு (chord) மட்டும் அடிச்சுப் பாடுனாப் போதும், சோலோ வேணாம்.