தை மாசியில் சிவக்கும் மலை

*ஐயா, வணக்கம். செங்கோட்டைக்கு மேற்கே புளியரையில் இருக்கிறோம். வெளிநாட்டு மலைகளில் அக்டோபர் மாதம் காடே சிவப்பும் மஞ்சளுமாக மாறிவிடுகிறது. அதற்குள் நாள்கணக்கில் நடந்துபோகிறவர்களின் படங்களைப் பார்த்து ஏங்கிப்போய், போன ஐப்பசியில் நானும் கணவரும் கொழுந்தனும் ஆரியங்காவு பக்கம் காட்டோரமாக நடந்தோம். மழையும் அட்டைக்கடியும்தான் மிச்சம். எல்லாம் பச்சை. நம் மலைகளில் இலை நிறம் மாறுவதே இல்லையா? மூன்று நாள் நடக்கத் தயாராக இருக்கிறோம். எங்கே, எப்போது போகலாம், என்ன தயாரிப்பு வேண்டும்? மாமியாருக்கு 68 வயது. அவரும் வர ஆசைப்படுகிறார்.*

*– ஒரு வாசகி, புளியரை*

அன்புள்ள வாசகிக்கு,

மாறும். நன்றாகவே மாறும். நீங்கள் போன மாதம்தான் சரியில்லை. படங்களில் அக்டோபர் என்று இருப்பதை வைத்து இங்கேயும் ஐப்பசியில் மலைக்குப் போகிறவர்கள் பலர். நம் பக்கத்தில் அது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் மாதம். மதியத்துக்கு மேல் இடியோடு மழை இறங்கும், ஓடைகள் அரைமணி நேரத்தில் இடுப்பளவு ஏறும், அட்டை பெருகியிருக்கும். தென்கோடி மலைகளுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் கிடைப்பதால் மார்கழி பாதிவரை ஈரம் காயாது. தை பிறந்த பிறகு பாருங்கள், அதே மலை வேறு மலையாக இருக்கும்.

குளிர்நாட்டில் நடப்பது என்னவென்றால், பகல் குறைந்து இரவுக் குளிர் ஏறியதும் மரம் இலையைக் கழற்றிவிடத் தயாராகிறது. இலையிலுள்ள சத்துகளைக் கிளைக்குள் இழுத்துக்கொண்டு பச்சையத்தைச் சிதைக்கிறது. பச்சை போனதும், அதுவரை மறைந்திருந்த கரோட்டினாய்டு என்ற நிறமி மஞ்சளாகத் தெரிகிறது. மேப்பிள் போன்ற மரங்களில் அந்தக் கடைசி வாரங்களில் ஆந்தோசயனின் என்ற செந்நிறப் பொருளும் புதிதாக உண்டாகிறது. குளிர் உச்சியில் தொடங்குவதால் நிறமும் உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கும். ஜப்பானின் வடக்கே தைசெட்சுசான் மலையில் செப்டம்பர் நடுவில் சிவக்கத் தொடங்குவது கியோத்தோவுக்கு வந்துசேர நவம்பர் கடைசி ஆகிவிடும். அந்த ஊர் மலைநடைத் திட்டமெல்லாம் இந்த இறக்கத்தைக் கணக்கில் வைத்துப் போடப்படுவது.

நம் அட்சரேகையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். இங்கே மரத்துக்கு நாள் சொல்வது தண்ணீர். மழை நின்று மண் காயத் தொடங்கினால் இலை உதிர்க்கும் மரங்கள் உதிர்க்கும். பசுமைமாறாக் காட்டிலோ அதே நாட்களில் புது இலை தள்ளும். நம் காட்டின் பெரிய சிவப்பு இந்தப் புது இலையில்தான் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் எங்கே, எப்போது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதிலிருந்தே தொடங்குகிறேன். தென்மலையிலிருந்து குளத்துப்புழை, மடத்தறை வழியாக நீளும் ரப்பர் தோட்டங்களை டிசம்பர் கடைசியிலிருந்து கவனித்துப் பாருங்கள். இலை மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவந்து உதிரும். சில வாரத்தில் செம்பு நிறத்தில் புதுத் தளிர் வரும். அந்த நாட்களில் பால் குறைவதால் பல தோட்டங்களில் பட்டையைக் கீறிப் பால் எடுப்பதை நிறுத்தி வைப்பார்கள். ஒட்டுக்கட்டி வளர்த்த ஒரே ரகம் என்பதால் ஒரு தோட்டம் முழுக்க ஒரே வாரத்தில் நிறம் மாறும். நீங்கள் படத்தில் பார்த்த, சரிவு மொத்தமும் ஒரே நிறமாக நிற்கும் காட்சிக்கு நம் பக்கத்தில் மிக நெருங்கி வருவது இதுதான். தோட்டம்தானே என்று அலட்சியமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

காடு அப்படி ஒரே சீராக மாறாது. பக்கத்துப் பக்கத்து மரம்கூட வேறு வேறு வாரத்தில் தளிர்க்கும். அடிவாரத்து இலையுதிர் காட்டில் முள்ளிலவு இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டைக் கிளையில் சிவப்புப் பூவோடு நிற்கும். பூவம் மரம் தளிர்விட்டால் கால் மைல் தூரத்திலிருந்தே பூ என்று நினைக்கத் தோன்றும், அத்தனையும் இலை. மேலே ஏறினால் வெடிப்பலா, நாங்கு, பாலி மூன்றும் கலந்து ஆளும் பசுமைமாறாக் காடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் சுமார் 700 முதல் 1,400 மீட்டர் வரையான உயரத்துக்கே உரிய காடு இது. இந்தக் காட்டில் நாங்கு மரத்துக்கு முன்னால் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். புதுத் தளிர் கருஞ்சிவப்பில் வரும். விறைப்பே இல்லாமல் நனைந்த துணிபோலத் தொங்கும். கையில் ஏந்தினால் மெல்லிய தோலாக இருக்கும், நரம்பு சரியாகப் புலப்படாது. சில நாளில் சிவப்பு செம்பாகும், செம்பு இளஞ்சிவப்பாகும், பிறகு வெளிர்பச்சை. இலை விறைத்து நிமிர்வதற்குள் சிவப்பு முழுக்கப் போய்விடும். அடிப்பக்கம் வெண்சாம்பல் பூசியதுபோல் ஆனால் இலை முற்றிவிட்டது என்று பொருள். ஒரு மரத்தில் இத்தனையும் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். பச்சையம் சேருமுன் கடும் வெயிலிலிருந்து தளிரைக் காப்பதற்கும் புழு பூச்சி தின்னாமல் இருப்பதற்கும் இந்தச் சிவப்பு உதவுகிறது என்பது தாவரவியலாளர்கள் முன்வைக்கும் விளக்கம். காட்டு நாவல் வகைகளும் காட்டுக் கருவாவும் இப்படியே சிவந்து தளிர்ப்பவை. வெடிப்பலாவின் நிறமோ இலையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. காற்று திருப்பிப் போடும்போது வெள்ளியாக மின்னும். அதே மாதங்களில்தான் அது பூக்கும், பூவைத் தின்னச் சிங்கவால் குரங்குகள் வரும்.

பழுத்துச் சிவக்கும் இலையும் நம் காட்டில் உண்டு. உருத்திராட்ச இனத்து மரங்கள் ஆண்டு முழுக்க ஒன்றிரண்டு இலைகளை இரத்தச் சிவப்பாக்கி உதிர்த்துக்கொண்டே இருக்கும். பாதையில் அப்படி ஓர் இலை கிடந்தால் அண்ணாந்து பாருங்கள், மரம் மேலேதான் நிற்கும். ஊருக்குள் இதே வேலையைச் செய்வது வாதாமரம்.

மூன்று நாள் நடை என்றால் நான் சொல்வது அகத்தியர்கூடம். நம் பொதிகைதான், 1,868 மீட்டர். திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுரைக்கு மேலே போனக்காட்டில் நடை தொடங்குகிறது. கேரள வனத்துறை பொதுவாக ஜனவரி நடுவிலிருந்து சில வாரங்கள், சிவராத்திரியை ஒட்டிய நாட்கள் வரை அனுமதிக்கிறது. பசுமைமாறாக் காடு தளிர்விடும் காலமும் அதுவே. முன்பு பெண்களுக்கு அனுமதி இல்லை. கேரள உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2019 முதல் உண்டு. ஆகவே நீங்கள் தயங்க வேண்டியதில்லை. பதிவு இணையத்தில்தான். நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு இருப்பதால் பதிவு திறந்த சிறிது நேரத்தில் இடம் தீர்ந்துவிடும். அடையாள அட்டை, புகைப்படம் எல்லாம் முந்தின நாளே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதி தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் தை கடைசி அல்லது மாசி முதல் வாரம். ஓடைகளில் தண்ணீர் இருக்கும், தளிரும் கூடியிருக்கும். பொங்கலை ஒட்டிப் போனால் சில ஆண்டுகளில் மழை ஈரமே வடிந்திருக்காது. அண்மையில் எடுத்த மருத்துவத் தகுதிச் சான்றும் கேட்பார்கள்.

புளியரையிலிருந்து காலையில் புறப்பட்டு அன்றே நடக்கலாம் என்று திட்டமிட வேண்டாம். தென்மலை, குளத்துப்புழை, மடத்தறை, பாலோடு வழியாக விதுரை போய் இரவு தங்கி, மறுநாள் காலையில் போனக்காட்டுச் சோதனைச் சாவடிக்குப் போங்கள். பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக், மது, புகையிலை எதுவும் உள்ளே போகாது. அதனால் பிஸ்கட்டைக்கூட உறையிலிருந்து எடுத்து எவர்சில்வர் டப்பாவில் போட்டுக்கொள்வது நல்லது.

முதல் நாள் அதிருமலை முகாம் வரை, சுமார் 15 கிலோமீட்டர். வழிகாட்டிகள் காணிக்காரர்கள் என்ற மலைப் பழங்குடியினர். அவர்கள் கண்ணுக்குத் தெரியும்படி நடங்கள். முன்பாதி ஓடைகளும் நிழலும் என்பதால் வேகமாகப் போகத் தோன்றும். அங்கே கால் பலத்தைச் செலவழித்துவிட்டால் பிற்பாதியில் புல்வெளி ஏற்றத்திலும் முட்டிடிச்சான் ஏற்றத்திலும் தொடை நடுங்கும். முழங்கால் நெஞ்சில் இடிக்கும் அளவு செங்குத்து என்பதால் அந்தப் பெயர். புல்வெளியில் உச்சி வெயிலில் அகப்படாமல் இருக்க 9 மணிக்கு முன்பே சாவடியைத் தாண்டியிருக்க வேண்டும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், எஃகுக் குப்பியில். ஓடைத் தண்ணீரை நிரப்பினால் குளோரின் மாத்திரை போட்டு அரைமணி நேரம் கழித்துக் குடியுங்கள். மதியத்துக்குப் புளியோதரையை வாழை இலையில் கட்டிக்கொள்ளுங்கள். தயிர்சாதம் அந்த வெயிலில் புளித்துவிடும். ஈற்றை என்ற மெல்லிய மூங்கில் காடாக அடர்ந்து வரும் இடங்களில் பேச்சை நிறுத்துங்கள். அது யானைக்குப் பிடித்த தீனி. பத்தடிக்கு அப்பால் நிற்பதும் தெரியாது. வழிகாட்டி கையைக் காட்டி நிறுத்தினால் நின்றுவிடுங்கள், போனை எடுக்காதீர்கள்.

இன்னொன்று, வழுக்கினால் கைக்கு அகப்பட்ட மரத்தைப் பிடிக்கும் பழக்கம் வேண்டாம். பட்டையில் கறுத்த சாறு வடிந்து காய்ந்திருந்தால் அது சேரு மரம். அதன் பால் பட்ட இடம் இரண்டு நாளில் கொப்பளித்துப் புண்ணாகும். பட்டுவிட்டால் தேய்க்காமல் உடனே நிறையத் தண்ணீரும் சோப்பும் விட்டுக் கழுவுங்கள். கழுவுமுன் அந்தக் கையால் முகத்தைத் தொடாதீர்கள்.

இரண்டாம் நாள் உச்சிக்குப் போய்த் திரும்புவது. விடிந்ததும் புறப்பட்டு 10 மணியளவில் மேலே இருந்தால்தான் மதிய மேகம் மூடுவதற்குள் பாறைகளைத் தாண்டி இறங்கலாம். பொங்காலைப்பாறைக்கு மேலே கயிறு கட்டிய வழுக்குப்பாறைகள் உண்டு. முழு எடையையும் கயிற்றில் தொங்கவிடாமல், இரண்டு கால், இரண்டு கை என்ற நான்கில் மூன்று எப்போதும் பாறையிலோ கயிற்றிலோ இருக்கும்படி ஏறுங்கள். காற்று ஆளைத் தள்ளும். குடை வேண்டாம், தொப்பியோடு கூடிய மழைச்சட்டை போதும். நிறம் பார்க்கச் சிறந்த நேரமும் இந்தக் காலைதான். சூரியன் தாழ்வாக இருக்கும்போது சூரியனுக்கு எதிர்முகமாகத் தளிரைப் பார்த்தால் ஒளி ஊடுருவிச் சிவப்பு எரியும். சூரியனை முதுகில் வைத்துப் பார்த்தால் அதே மரம் மங்கிய பழுப்பாகத் தெரியும். படம் எடுத்தால் வெளிச்ச அளவை முக்கால் படி குறையுங்கள். காட்டின் இருட்டைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், சிவப்பு வெளுத்துப்போகும்.

மூன்றாம் நாள் இறக்கம். பலருக்கு உண்மையான கஷ்டம் இதில்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும், அதற்கு அது பழகியிருக்காது. இரண்டு மாதத்துக்கு முன்பே பண்பொழி திருமலைக்கோவில் படிகளில் வாரம் இரண்டு முறை, 5 கிலோ பையோடு ஏறுங்கள். இறங்குவதை ஏறுவதைவிட மெதுவாகச் செய்யுங்கள். நடைக்குப் போகும்போதும் ஆளுக்கு 6 கிலோவுக்கு மேல் பை வேண்டாம். ஒரு போர்வை, இரண்டு ஜோடிக் காலுறை, கைவிளக்கு, உப்புப் பொட்டலம் போதும். அட்டை கடித்தால் பிடுங்காமல் உப்பு வையுங்கள். புதுச் செருப்பும் புது ஷூவும் இந்த நடைக்கு ஆகாது, ஒரு மாதமாவது போட்டுப் பழகியதாக இருக்கட்டும். கால் நகத்தை ஒட்ட வெட்டாவிட்டால் இறக்கத்தில் பெருவிரல் நகம் கறுத்துவிடும்.

அனுமதி கிடைக்கவில்லை என்று யாராவது வேறு வழியாகக் கூட்டிப்போகிறேன் என்றால் போகவே போகாதீர்கள். நாம் நிறம் பார்க்கப் போகும் மாதங்களே காட்டுத்தீ மாதங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், கேரள எல்லையை ஒட்டிய சரிவில் நடந்துபோனவர்களைத் தீ சூழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், தன் வெப்பத்தால் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துக்கொண்டே போகும். அதனால் புகை தெரிந்தால் மேலே ஏறித் தப்பிக்க நினைக்கக் கூடாது. பக்கவாட்டில் விலகி வெறும்பாறை, ஈரமான சோலை, ஏற்கெனவே எரிந்து அணைந்த தரை, இவற்றில் கிட்ட இருப்பதற்குப் போக வேண்டும். தீ அபாயம் என்று வனத்துறை பாதையை மூடினால் பணமும் விடுப்பும் போனாலும் போகட்டும்.

உங்கள் மாமியாரை அகத்தியர்கூடத்துக்கு அழைத்துப்போக வேண்டாம். அவருக்கு ரயில் இருக்கிறது. மாசியில் ஒருநாள் செங்கோட்டையிலிருந்து புனலூர் பக்கம் போகும் பகல் வண்டியில் ஜன்னலோரம் உட்காரவையுங்கள். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழையும்வரை நம் பக்கத்து வறண்ட சரிவு. குகைக்கு வெளியே வந்ததும் மேற்குச் சரிவின் பெருங்காடு. ஆரியங்காவுக்கும் கழுதுருட்டிக்கும் நடுவே மலை வளைவுகளில் வண்டி மெதுவாகத்தான் போகும், தளிர்விட்ட மரங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். பதிமூன்று கண் பாலம் தாண்டித் தென்மலையில் இறங்குங்கள். ரப்பர் தளிரைக் கிட்டத்தில் பார்க்க அங்கிருந்து குளத்துப்புழை சாலையில் ஆட்டோ பிடித்தால் போதும். திரும்பும் வண்டியின் நேரத்தைப் புறப்படும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டாலும் செங்கோட்டைக்குப் பேருந்து உண்டு.

அன்புடன்.