மூன்று வரிக்கு இத்தனை விதியா?

அன்புள்ள சார்,

நான் பொறியியல் இறுதியாண்டு மாணவன். லினக்ஸ் கர்னலில் ஒரு டிரைவரில் மெமரி லீக் (ஒதுக்கிய நினைவகத்தைத் திருப்பித் தராத பிழை) இருப்பதைக் கண்டுபிடித்து, மூன்று வரியில் சரிசெய்து பேட்ச் (திருத்தம்) அனுப்பினேன். வந்த பதிலில் நிரலைப் பற்றிப் பேச்சே இல்லை. டேப் எல்லாம் ஸ்பேஸாக மாறியிருக்கிறது, ‘சைன்டு-ஆஃப்-பை’ வரி இல்லை, எதற்கு இந்த மாற்றம் என்று சொல்லவில்லை, வழிகாட்டியைப் படித்துவிட்டு மறுபடி அனுப்பவும், அவ்வளவுதான். நிரல் சரியா தப்பா என்றுதானே பார்க்க வேண்டும்? புதிதாக வருகிறவர்களை விரட்டத்தான் இந்த விதிகளோ?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பதில் வந்ததே, அதுவே நல்ல சேதிதான். பல பேட்சுகளுக்கு அதுவும் வராது.

டேப் சமாச்சாரம் சில்லறையாகத் தெரியும். ஆனால் மெயின்டெய்னர், அதாவது அந்த டிரைவரைப் பராமரிக்கிறவர், உங்கள் மெயிலைப் படிப்பதோடு நிறுத்துவதில்லை, அதை அப்படியே கிட் என்ற, நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவிக்குக் கொடுத்து ஏற்றிப் பார்க்கிறார். ஜிமெயிலின் வெப் பக்கத்தில் ஒட்டி அனுப்பினால் டேப் ஸ்பேஸாகிவிடும், பேட்ச் ஏறாது, ஏறாத பேட்சில் எதைச் சரி பார்ப்பது? கிட்டிலிருந்தே மெயில் அனுப்பும் ‘கிட் சென்ட்-ஈமெயில்’ பழகிக்கொள்ளுங்கள். முதலில் உங்களுக்கே ஒன்று அனுப்பி, ‘கிட் ஏஎம்’ போட்டு ஏறுகிறதா பாருங்கள்.

சைன்டு-ஆஃப்-பை வரிக்குப் பின்னால் ஒரு கோர்ட் கேஸ் இருக்கிறது. 2003இல் எஸ்சிஓ என்ற நிறுவனம், எங்கள் யூனிக்ஸ் நிரலை லினக்ஸில் போட்டுவிட்டார்கள் என்று ஐபிஎம் மேல் வழக்குப் போட்டது (அது 2021 வரை இழுத்துக்கொண்டு போனது). எந்த வரி யார் கையிலிருந்து வந்தது என்பதற்குத் தடம் வேண்டும் என்று, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2004இல் இதைக் கொண்டுவந்தார். இதைத் தர எனக்கு உரிமை இருக்கிறது என்று நீங்கள் போடும் கையெழுத்து அது. உங்களுக்குப் பதிலாக மெயின்டெய்னர் போட முடியாது.

மூன்றில் பெரியது விளக்கம்தான். ‘மெமரி லீக்கைச் சரிசெய்தேன்’ என்று ஒற்றை வரி எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எங்கே, எப்போது கசிகிறது? ப்ரோப் செய்யும்போது (டிரைவர் சாதனத்தை இயக்கத் தயார் செய்யும்போது) அதற்குத் தேவையான கிளாக் கிடைக்காவிட்டால், அதற்கு முன் ஒதுக்கிய நினைவகத்தை (பஃபரை) விடுவிக்காமலே ஃபங்ஷன் திரும்பிவிடுகிறது, ஆகவே விடுவிக்கும் இடத்துக்குத் தாவ வைத்திருக்கிறேன் என்கிற மாதிரி எழுதினால், நிரலைத் திறப்பதற்கு முன்பே அவருக்குப் பாதி புரிந்துவிடும். அந்தப் பிழை எந்தக் கமிட்டில் (கிட்டில் பதிவான மாற்றத்தில்) நுழைந்தது என்று தெரிந்தால் ‘ஃபிக்ஸஸ்’ வரியில் அந்தக் கமிட்டின் ஐடியில் முதல் 12 எழுத்தைப் போடுங்கள். பழைய ஸ்டேபிள் (இன்னும் திருத்தம் பெறும்) பதிப்புகளில் எதற்கெல்லாம் இந்தத் திருத்தம் போக வேண்டும் என்று அதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் வேலை கிடைத்துப் போய்விடுவீர்கள், அப்புறம் அந்த டிரைவரைக் கட்டி மேய்க்கப்போவது அவர்தான். ஐந்து வருஷம் கழித்து யாராவது, எந்த வரி எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் ‘கிட் பிளேம்’ அடித்துப் பார்த்து, இந்த வரி ஏன் வந்தது என்று கேட்டால் உங்கள் விளக்கத்தைத் தவிர அவரிடம் வேறு எதுவும் இருக்காது.

விரட்டுகிறார்கள் என்கிறீர்கள். 2020 அக்டோபரில், ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டுகளுக்குப் பங்களிக்க ஊக்கப்படுத்தும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நடந்தபோது, நாலு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்பது) அனுப்பினால் டி-ஷர்ட் என்றதும், ஊர்பேர் தெரியாத ப்ராஜெக்டுகளின் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பித் தள்ளினார்கள். முதல் வாரத்திலேயே, விருப்பம் தெரிவித்த ப்ராஜெக்டுகள் மட்டும்தான் கணக்கில் வரும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் குப்பையைச் சம்பளமில்லாமல் உட்கார்ந்து மூடிய ஆட்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனாலும் உங்களுக்கு வந்த பதிலில் ‘நன்றி’ என்று ஒரு வார்த்தை போட்டிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை.

சரி, இப்போது தலைப்பில் ‘வி2’ (இரண்டாம் பதிப்பு) என்று போட்டு, முந்தையதிலிருந்து என்னவெல்லாம் மாறியது என்பதை மூன்று கோட்டுக்கு (---) கீழே எழுதி அனுப்புங்கள், அங்கே எழுதுவது கமிட்டில் சேராது. அதற்கு முன், விதிப்படி எழுதியிருக்கிறதா என்று பார்க்கும் ‘செக்பேட்ச்’ ஓட்டிவிடுங்கள், ஆனால் அது சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை. அனுப்பியபின் ஒரு வாரமாவது பொறுங்கள். மெர்ஜ் விண்டோ (அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் காலம்) திறந்திருக்கும் இரண்டு வாரத்தில் அனுப்பினால் இன்னும் தள்ளிப்போகும்.