பழைய காரில் ஐடிலிங்கில் மட்டும் இன்ஜின் குலுங்குகிறது, ஸ்பார்க் பிளக் மாற்றியும் நிற்கவில்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

ஓடும்போது ஒழுங்காக இருக்கிற வண்டி நின்றதும் குலுங்குகிறது என்றால், அதுவே பாதித் துப்பு. ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் ஏறக்குறைய மூடியே இருக்கும், இன்ஜின் இழுக்கும் காற்று ரொம்பக் கொஞ்சம். அப்போது எங்கோ ஒரு கீறல் வழியாகக் கொஞ்சம் காற்று திருட்டுத்தனமாக நுழைந்தாலும் காற்று-பெட்ரோல் கலவை கெட்டுவிடும். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் நேர்வழியில் காற்று ஏராளமாக வருவதால், அதே கீறல் பொருட்டாகவே தெரியாது.

இதைப் புரிந்துகொள்ளாமல் நான் ஐந்து மாதம் அலைந்தேன். என் கார் அப்போது பதினான்கு வயதைத் தாண்டியிருந்தது. நிறுத்தத்தில் நின்றால் உள்கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியாது, அப்படி ஒரு நடுக்கம். பிளக் மாற்றினேன். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை மாற்றினேன். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழட்டிச் சுத்தம் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும், அப்புறம் பழைய கதைதான். அதனால் என் முதல் வேண்டுகோள்: காரணம் தெரியாமல் இனி ஒரு பாகத்தையும் மாற்றாதீர்கள்.

இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் அது 700க்கும் 900க்கும் நடுவே நிற்கும். முள் அசையாமல் நிற்கிறது, வண்டி மட்டும் நடுங்குகிறது என்றால் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடியான இன்ஜின் மவுண்ட் மேல் சந்தேகப்படுங்கள். ரப்பர் செத்துப்போனால் இன்ஜினின் இயல்பான அதிர்வே பாடிக்கு வந்துவிடும். முள் மெதுவாக ஏறி இறங்கினால், காற்றுக் கசிவு அல்லது ஐடிலிங்குக்கான காற்றை அளந்து விடும் ஐடில் கன்ட்ரோல் வால்வில் அழுக்கு. சைலன்சர் வாயருகே கை காட்டும்போது சீரான ஓட்டத்துக்கு நடுவே 'புப்… புப்…' என்று விட்டுவிட்டு வந்தால், ஒரு சிலிண்டர் எரியாமல் போகிறது.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் இருக்கும் வண்டியானால், இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு காயிலின் கனெக்டரைக் கழட்டி, ஸ்டார்ட் செய்து சில விநாடி கேளுங்கள். நல்ல சிலிண்டரை நிறுத்தினால் குலுக்கல் கூடும். எதை நிறுத்தியும் மாற்றமே இல்லையோ, அதுதான் குற்றவாளி. ரொம்ப நேரம் ஓட விடாதீர்கள், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். ஓடும் இன்ஜினில் பிளக் வயரைக் கையால் உருவவே கூடாது, ஷாக் பலமாக அடிக்கும். பிறகு அந்தக் காயிலை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே போனால் காயில்தான். போகாவிட்டால் பிளக்கையும் அதே மாதிரி மாற்றிப் பாருங்கள். பிளக் குழியில் ஆயில் தேங்கியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வால்வ் கவர் சீல் கசிந்தால் புது பிளக்கும் சீக்கிரமே தகராறு செய்யும்.

இனி காற்றுக் கசிவு. காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் கிடைத்தால் ஃப்யூல் ட்ரிம் எண்களைப் பாருங்கள்; கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று அவை காட்டும். ஐடிலிங்கில் கூட்டல் பக்கம் 15, 20 சதவீதம் காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நெருங்கினால் கசிவு ஏறக்குறைய உறுதி. கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறு எண்ணும் (எரர் கோட்) பதிவாகாமலேயே இந்த ட்ரிம் எண் உண்மையைச் சொல்லிவிடும்.

என் காரில் கடைசியில் வழி காட்டியது அந்த எண்தான். அப்புறம் டார்ச்சோடு குனிந்து, இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக்கில் போய்ச் சேரும் ஹோஸ்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே போனேன். இன்ஜினுக்குள் தேங்கும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸ் வளையும் இடத்தில், மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. அடிப்பக்கம் தொட்டால் ரப்பர் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. லேசாக மடக்கினேன், நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்தது. இன்ஜினை ஓடவிட்டு அந்த இடத்தை விரலால் மூடியதும் சத்தமே மாறியது, முள் அப்படியே நின்றது. ஐந்து மாத அலைச்சலுக்கு ஒரு சாண் ரப்பர் குழாய்.

கார்புரேட்டர் கிளீனரை ஹோஸ்கள் மேல் அடித்து ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்க்கும் முறையைப் பலர் சொல்வார்கள். வேலை செய்யும்தான், ஆனால் அது தீப்பிடிக்கும் திரவம், பக்கத்திலேயே சூடான மேனிஃபோல்டு. புகை விட்டுக் கசிவு பார்க்கும் கருவி உள்ள ஒர்க்‌ஷாப்பாகத் தேடிப் போங்கள்.

த்ராட்டில் பாடியைத் திறந்து பார்ப்பதும் அவசியம். பட்டர்ஃபிளை என்கிற தகட்டின் ஓரத்தில் கரிப்படலம் ஏறியிருந்தால் அதற்கென்று உள்ள கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். எலக்ட்ரானிக் த்ராட்டிலானால் தகட்டை விரலால் தள்ளித் திறக்காதீர்கள், மோட்டார் கியர் கெட்டுவிடலாம். சுத்தம் செய்தபின் ஐடில் ஒருவேளை ஏறி நிற்கும், பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் பழைய அழுக்குக்கு ஏற்பப் பழகியிருந்தது. சில வண்டிகள் கொஞ்சம் ஓடியதும் தானே சரிசெய்துகொள்ளும், சிலவற்றுக்கு ஸ்கேனரில் ரீசெட் செய்ய வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்து, ஒரே சிலிண்டர் மட்டும் தொடர்ந்து மக்கர் செய்தால், சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். தனியாக ஒரு எண்ணைப் பார்ப்பதைவிட நான்கு சிலிண்டரையும் ஒப்பிடுவது முக்கியம். ஒன்று மட்டும் நன்றாகக் குறைந்திருந்தால் அந்த சிலிண்டரின் பிளக் குழிக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. வால்வாக இருந்தால் ஹெட்டைக் கழட்டச் சம்மதிக்கும் முன் டேப்பெட் கிளியரன்ஸை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை, அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இடைவெளி இறுகிப்போய் வால்வு முழுதாக மூடாமல் இருந்தாலும் கம்ப்ரஷன் இப்படித்தான் இறங்கும்.