கடையில் ஒரு மணம், கையில் வேறொரு மணம்: அத்தர் கேள்வி-பதில்

வாசனை எண்ணெய்களைப் பற்றி வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ஆதங்கத்தைத்தான் சொல்கின்றன: கடையில் முகர்ந்தது ஒன்று, வீட்டுக்கு வந்தபின் கையில் இருப்பது வேறு. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். சில சமயம் ஏமாற்றியிருப்பார். பல சமயம் அந்த எண்ணெயின் இயல்பே அதுதான்.

மல்லிகை அத்தர் வாங்கினேன். தடவியவுடன் அப்போதுதான் கட்டிய சரம் மாதிரி மணத்தது. இரண்டு மணி நேரத்தில் அந்துருண்டை வாடை வருகிறது. கெட்டுப்போய்விட்டதா? (மதுரை வாசகி)

இல்லை. மல்லிகையில் இண்டோல் என்றொரு பொருள் இயற்கையாகவே இருக்கிறது. தனியாக எடுத்து முகர்ந்தால் முகம் சுளிப்பீர்கள்: அந்துருண்டையும் அழுகலும் கலந்த வாடை. ஆனால் மிகச் சிறிய அளவில் மற்ற மணங்களோடு சேரும்போது அதுதான் மல்லிகைக்கு அந்தக் கிறக்கத்தைக் கொடுக்கிறது. இண்டோலை நீக்கிவிட்டால் மிஞ்சுவது குளியல் சோப்பு வாசனை.

தோலின் சூட்டில் முதலில் ஆவியாகிப் போவது லினலூல், பென்சைல் அசிட்டேட் போன்ற இலேசான பொருட்கள். பச்சைமணமும் பழமணமும் தருபவை அவைதான். அவை போனபின் இண்டோல் முன்னே வந்து நிற்கிறது. மாலையில் வைத்த சரத்தை மறுநாள் காலையில் தலையிலிருந்து எடுக்கும்போது வரும் கனத்த வாடையை நீங்கள் அறிவீர்கள். மதுரைக்காரரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதே கதைதான் உங்கள் மணிக்கட்டில் நடக்கிறது. அளவைக் குறைத்துப் பாருங்கள். குப்பி மூடியோடு வரும் கண்ணாடிக் குச்சியைக் குப்பியின் விளிம்பில் வழித்துவிட்டு, நுனியால் ஒரே ஒரு தொடுதல் போதும். இண்டோல் கொஞ்சமாக இருக்கும்வரைதான் அழகு.

மல்லிகையைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பூ கொதிநீரையும் நீராவியையும் தாங்காது, மணம் சிதைந்துவிடும். அதனால் கோவை, சத்தியமங்கலம், திண்டுக்கல் பக்கத்து ஆலைகளில் ஹெக்சேன் போன்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து, 'கான்கிரீட்' என்ற மெழுகு மாதிரியான பொருளை எடுக்கிறார்கள். அதை ஆல்கஹாலில் கழுவினால் கிடைப்பது 'அப்சல்யூட்' என்ற செறிந்த மண எண்ணெய். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் வேறு முறை: பேலா, சமேலி என்று அவர்கள் சொல்லும் இந்தப் பூக்களைச் செப்பு அண்டாவில் போட்டு, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் பூசி அடைத்து, மெதுவான தீயில் காய்ச்சி, ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். அதில் மல்லிகை சந்தனத்துக்குப் பின்னால்தான் நிற்கும். ஆகவே 'நீராவியில் வடித்த சுத்த மல்லிகை எண்ணெய், மலிவு விலை' என்று யாராவது சொன்னால் பேச்சை வளர்க்காமல் அடுத்த கடைக்குப் போங்கள்.

நானும் அக்காவும் ஒரே குப்பியிலிருந்து தடவிக்கொள்கிறோம். அவளிடம் நாள் முழுக்க மணக்கிறது, என்னிடம் மதியத்துக்குள் காணாமல் போகிறது. எனக்கு உடம்பில் ஏதாவது கோளாறா? (தஞ்சாவூர் வாசகி)

கோளாறு ஒன்றும் இல்லை. உங்கள் தோல் வறண்டது, அக்காவின் தோல் எண்ணெய்ப் பசை உள்ளது என்று ஊகிக்கிறேன். மணப்பொருட்கள் கொழுப்பில் கரைபவை. தோலில் பசை இருந்தால் அதில் கரைந்து தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். வறண்ட தோலில் பிடிமானம் இல்லாமல் சீக்கிரம் போய்விடும். குளித்துத் துடைத்தவுடன் மணமில்லாத வாஸ்லினோ மாய்ஸ்சரைசரோ மெல்லியதாகத் தடவி, அதன்மேல் அத்தரை வையுங்கள். தேங்காய் எண்ணெயும் தாங்கும், ஆனால் அதற்கே ஒரு வாசனை உண்டு. ரோஜாவோடு சேரும், வெட்டிவேரோடு சண்டை போடும்.

அடுத்தது சூடு. கழுத்து, முழங்கை மடிப்பு போன்ற வெதுவெதுப்பான இடங்களில் மணம் அதிகம் எழும், அதே காரணத்தால் சீக்கிரம் தீரவும் செய்யும். வெயிலில் அலைபவருக்கும் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே எண்ணெய் வெவ்வேறு வேகத்தில் கரைகிறது.

தோலின் அமிலத்தன்மை வாசனையையே மாற்றிவிடும் என்று விற்பனையாளர்கள் அழுத்தமாகச் சொல்வார்கள். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. ஆரோக்கியமான தோல் எல்லோருக்கும் இலேசான அமிலத்தன்மை உள்ளதுதான். ஆளுக்கு ஆள் இருக்கும் சிறு வித்தியாசம் சந்தனத்தை வேறொன்றாக ஆக்கிவிடாது. அதைவிட முந்தைய சோப்பின் மிச்சம், தலை எண்ணெய், வியர்வை ஆகியவை குழப்புவதே அதிகம். வெந்தயம் நிறையச் சாப்பிடுபவர்களின் வியர்வையில் சோடோலோன் என்ற பொருளால் கருகிய சர்க்கரை மாதிரி ஒரு மணம் வரும். கோடையில் ஊறவைத்த வெந்தயம் சாப்பிடும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்கலாம்.

இதெல்லாம் போக, மூக்கும் ஆளுக்கு ஆள் வேறு. உங்கள் கையில் ஒரு துளி, அக்காவின் கையில் ஒரு துளி, ஒரு காகிதப் பட்டையில் ஒரு துளி வைத்து மூன்றாம் ஆளை முகரச் சொல்லுங்கள். மணம் எங்கே மாறுகிறது, எங்கே மாறவில்லை என்று அப்போது தெரிந்துவிடும்.

வெள்ளைக் கஸ்தூரி தடவினால் பத்து நிமிடத்தில் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. பக்கத்து இருக்கைக்காரர் தலைவலிக்கிறது என்கிறார். (வேலூர் வாசகர்)

அவர் சொல்வதை நம்புங்கள். ஒரே மணத்தை விடாமல் முகர்ந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். கஸ்தூரி வகையில் இன்னொரு சிக்கல்: அதன் மூலக்கூறுகள் பெரியவை, சில வகைகளைச் சிலரால் பிறவியிலேயே முகர முடியாது. தெரியவில்லையே என்று மேலும் தடவுபவர்கள்தான் லிஃப்டில் மற்றவர்களை மூச்சுத் திணற வைக்கிறார்கள்.

அசல் கஸ்தூரி என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். கஸ்தூரி மான் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. கடையில் இருப்பது செயற்கை. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தாவரத்திலிருந்தே வேண்டுமென்றால் கஸ்தூரி வெண்டை விதை எண்ணெய் இருக்கிறது. விலை கூடுதல், மணம் மென்மை, பேரிக்காய்ச் சாயல்.

சந்தன எண்ணெய் என்று நல்ல விலை கொடுத்தேன். தடவினால் முதலில் ஒன்றுமே இல்லை. (சென்னை வாசகர்)

ஒன்றுமே இல்லாமல் தொடங்குவதுதான் எனக்குப் பிடித்த சந்தனம். அதன் மணத்தைத் தாங்கும் சாண்டலால் கனமான பொருள், அவசரப்படாது. இந்தியச் சந்தன எண்ணெய்க்கான ஐஎஸ்ஓ 3518 தரத்தில் ஆல்ஃபா சாண்டலால் 41 முதல் 55 விழுக்காடு, பீட்டா சாண்டலால் 16 முதல் 24 விழுக்காடு என்று வரம்பு இருக்கிறது. விலை அதிகமான எண்ணெய் வாங்கினால் இந்த அளவுகள் உள்ள ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்குபவரிடம் அந்த விலைக்கு வாங்காதீர்கள்.

தோலில் அது நடந்துகொள்ளும் விதம் இது: முதல் சில நிமிடங்களில் பச்சை மரத்தைச் சீவிய மெல்லிய வாடை. அரை மணி நேரத்துக்குமேல் பால் மணம் வரும், இலேசான இனிப்போடு. அதன்பின் பல மணி நேரம் அப்படியே இருக்கும், பெரிதாக மாறாது. சந்தனத்தின் சிறப்பே இந்த மாறாமைதான். கன்னோஜ்காரர்கள் காலங்காலமாக எல்லாப் பூவையும் இதில் இறக்கியதும் அதனால்தான். போலியோ மூடியைத் திறந்தவுடன் தித்திப்பாக எகிறி அடிக்கும், மாலைக்குள் பொடி வாசனையாகவோ வெறும் வழவழப்பாகவோ முடியும். சந்தனம் விலை ஏறியபின் பல அத்தர்களின் அடித்தளத்தில் டைஎத்தில் ஃப்தாலேட், லிக்விட் பாரஃபின் ஆகிய மலிவான திரவங்கள் புகுந்துவிட்டன. இவற்றுக்குச் சொந்த மணம் கிடையாது. ஆகையால் பூ மணம் போனபின் கையில் எதுவும் மிஞ்சாது. ஆறு மணி நேரம் கழித்து என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடைக்காரர் சொல்லாததை அது சொல்லிவிடும்.

இங்கே முதலாளி ஊத் எண்ணெய் பரிசாகக் கொடுத்தார். மாட்டுத் தொழுவ வாடை. மரியாதைக்காகவாவது எப்படிப் பூசுவது? (ஷார்ஜாவிலிருந்து ஒரு வாசகர்)

நல்ல பரிசு. வைத்துக்கொள்ளுங்கள். ஊத் என்பது நம் அகில் இனம்தான். அக்விலேரியா மரத்துக்குள் பூஞ்சை தொற்றினால், மரம் தன்னைக் காத்துக்கொள்ள அந்த இடத்தில் கருத்த பிசினைச் சுரக்கிறது. அந்தக் கட்டையை நறுக்கி வடிக்கிறார்கள். வடிக்கும் முன் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடும் வழக்கம் அசாமில் உண்டு. ஊறி நொதிப்பதால்தான் அந்தத் தொழுவ வாடை வருகிறது. அரபு நாடுகளில் பழகிய மூக்குகள் அதையே விரும்பிக் கேட்கின்றன.

ஒரு புள்ளி மட்டும் வைத்துவிட்டு வெளியே போங்கள். முதல் அரை மணி நேரம் பொறுத்தால் பதனிட்ட தோலின் வாடை, புகை, பிறகு தேனும் உலர்பழமும் மாதிரி ஓர் இனிப்பு என்று படிப்படியாக இறங்கும். இரவில் சட்டைக் காலரில் வைத்தால் மறுநாளும் அடிமணம் இருக்கும். பூ எண்ணெய்கள் எதுவும் இவ்வளவு தூரம் பயணம் செய்வதில்லை.

இலங்கை வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: வல்லப்பட்டை என்று கட்டுநாயக்க விமான நிலையத்தில் அடிக்கடி பிடிபடுவதும் இதே குடும்பத்து மரம். அதன் பிசினுக்கும் ஊத் சந்தையில் கிராக்கி இருப்பதுதான் கடத்தலுக்குக் காரணம். கட்டையைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகச் சொல்பவர்களிடம் எச்சரிக்கை.

ரோஜா எண்ணெய் குளிரில் கட்டியாகிவிட்டது. மெழுகு கலந்திருக்கிறார்களா? (கொடைக்கானல் வாசகர்)

கலக்கத் தேவையில்லை, ரோஜாவிலேயே மெழுகு இருக்கிறது. ஏறத்தாழ 20 டிகிரிக்குக் கீழே போனால் நீராவியில் வடித்த அசல் ரோஜா எண்ணெயில் படிகங்கள் தோன்றும். உள்ளங்கையில் குப்பியைப் பிடித்தால் கரைந்துவிடும். வேண்டுமென்றே மெழுகு சேர்ப்பவர்களும் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்து அசல் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

ரோஜா எண்ணெய் ஏன் ரோஜா மாதிரி இல்லை என்று இன்னொருவரும் கேட்டிருக்கிறார். பூவின் மணத்தில் பெரும்பங்கு வகிக்கும் ஃபினைல் எத்தில் ஆல்கஹால் தண்ணீரில் கரைந்துவிடுகிறது. வடிக்கும்போது அது எண்ணெயோடு வராமல் பன்னீரோடு போய்விடும். அதனால்தான் கல்யாண வாசலில் தெளிக்கும் நல்ல பன்னீர், விலையுயர்ந்த எண்ணெயைவிடப் பூவுக்கு நெருக்கமாக மணக்கிறது. எண்ணெயைத் தோலில் வைத்துக் கால் மணி நேரம் விட்டால் மிளகுக் காரம் அடங்கித் தேன் வரும்.

வெட்டிவேர் அத்தர் பச்சையாக இருக்கிறது. சாயமா? மண் அத்தர் என்று ஒன்று சொல்கிறார்களே, அது உண்மையா? (கடலூர் வாசகர்)

செப்புப் பாத்திரத்தில் வடித்த வெட்டிவேர் எண்ணெய் செப்போடு வினைபுரிந்து பச்சையாகும். சாயம் போட்டும் பச்சையாக்கலாம். நிறத்தை விட்டுவிட்டுப் பாகுத்தன்மையைப் பாருங்கள்: அசல் எண்ணெய் குச்சியிலிருந்து சொட்டத் தயங்கும். தோலில் முதலில் ஈரமண், பிறகு புகை, கடைசியில் உலர்ந்த மரம். உங்கள் ஊர்க் கடலோர மணலில் விளையும் வேரைத் தண்ணீர்ப் பானையில் போட்டு வளர்ந்தவருக்கு இந்த எண்ணெய் கொஞ்சம் கரடாகத் தோன்றலாம்.

முதல் மழை பட்ட மண்ணின் மணம் தரும் மண் அத்தர் உண்மைதான். கன்னோஜில் களிமண்ணை வில்லைகளாகச் சுட்டு, அதைக் காய்ச்சிச் சந்தனத்தில் இறக்குகிறார்கள். மழைமணத்துக்கு 1964இல் 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்களே இந்த அத்தரைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். முதல் மழை சில நிமிடங்கள்தான், அப்புறம் சந்தனம்தான்.

எலுமிச்சை, பெர்கமாட் எண்ணெயை நேரடியாகத் தோலில் தடவலாமா? (கோவை வாசகி)

கூடாது. பெர்கமாட்டும் எலுமிச்சை இனத்துப் பழம்தான். பழத்தோலைப் பிழிந்து எடுத்த இந்த எண்ணெய்களில் பெர்கப்டென் போன்ற பொருட்கள் இருக்கின்றன. தடவிக்கொண்டு வெயிலில் நின்றால் கொப்புளம் வரும், அது ஆறினாலும் கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். தோலில் தங்கும் தயாரிப்புகளில் பெர்கமாட் எண்ணெய்க்கு சர்வதேச வாசனைத் தொழில் அமைப்பு வைத்திருக்கும் வரம்பு 0.4 விழுக்காடு. பெர்கப்டென் நீக்கிய பெர்கமாட் தனியாகக் கிடைக்கிறது. இன்னொரு குறை: எலுமிச்சை மணம் தோலில் அரை மணி நேரம்கூடத் தங்காது. திறந்து வைத்துப் பழசான எண்ணெயோ காற்றோடு வினைபுரிந்து அரிப்பைக் கிளப்பும்.

பட்டுப்புடவையில் தடவலாமா? மணிக்கட்டைத் தேய்த்தால் மணம் உடையும் என்கிறார்களே? (காஞ்சிபுரம் வாசகி)

பட்டில் வேண்டாம், எண்ணெய்க் கறை போகாது. சின்னப் பஞ்சில் தொட்டுக் காது மடிப்பில் செருகிக்கொள்ளும் பழைய வழக்கமே பாதுகாப்பு. துணிக்கும் நல்லது, மணமும் மெதுவாக எழும். தேய்ப்பதால் மணம் உடையாது, தேய்க்கும் சூட்டில் முதல் மணம் சீக்கிரம் பறந்துவிடும், அவ்வளவுதான்.

கடையில் ஒரே நேரத்தில் எத்தனை முகரலாம்? காப்பிக்கொட்டை உதவுமா? (திருச்சி வாசகர்)

மூன்றுக்கு மேல் வேண்டாம். காப்பிக்கொட்டை மூக்கைப் புதுப்பிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வெளியே வந்து காற்று வாங்குங்கள், அல்லது உங்கள் சட்டைக் கையையே முகருங்கள். பிடித்ததை ஒரு கையில் மட்டும் வைத்துக்கொண்டு, வாங்காமல் வீட்டுக்குப் போங்கள். மாலையிலும் பிடித்திருந்தால் முதலில் 3 மில்லி குப்பி வாங்குங்கள். ஒரு தோலா (ஏறத்தாழ 12 மில்லி) என்றால் மலிவாகத் தருகிறேன் என்பார்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.